சிஸ்டரிடம் கேளுங்கள்: இரண்டு கிழமை தாண்டிய இருமல்

மாரி மழை ஓய்ந்த கையோடு திருகோணமலை வாசகர்களிடமிருந்து எனக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் தடிமன், காய்ச்சல், மூட்டு நோவு பற்றியே இருக்கும். இந்த முறை அப்படியில்லை. ஒரே வருத்தத்தைப் பற்றிப் பல கடிதங்கள். சிலர் பெயரைக்கூட எழுதாமல் "அந்த நோய்" என்று மட்டும் குறிப்பிட்டிருக்கிறார்கள். காசநோய்தான். செஸ்ட் கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். இந்தக் கேள்விகள் என்னிடம் வருவது இயல்புதான். சீனி வருத்தம், பிரஷர் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

திருக்கடலூரில் இருந்து ஒரு வாசகி: என் கணவருக்கு 44 வயது. கரைவலைத் தொழில். சீசன் நாளில் படுக்கை எல்லாம் கடற்கரையில் தொழிலாளர் தங்கும் வாடியில்தான். ஒன்றரை மாதமாக இருமல். பார்மசியில் பாணி மருந்து வாங்கிக் கொடுத்தேன், பிறகு அண்டிபயோட்டிக்கும் வாங்கிக் கொடுத்தேன். நிற்கவில்லை. பின்னேரமானால் உடம்பு காய்கிறது. கேட்டால் "இது சுருட்டு இருமல், உனக்கென்ன" என்கிறார். என்ன செய்வது சிஸ்டர்?

தங்கச்சி, கடிதத்தைப் பார்த்து இன்ன நோய் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கிழமைக்குள் அவருடைய சளியைப் பரிசோதிக்கக் கொடுத்தாக வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். இரண்டு கிழமைக்கு மேல் நீடிக்கிற எந்த இருமலுக்கும் அதுதான் விதி. அவருக்கு ஆறு கிழமை ஆகிவிட்டது.

சுருட்டு, சிகரெட் குடிப்பவர்களிடம் இந்த நோய் அதிக நாள் மறைந்திருக்கும். வருஷக் கணக்காக இருமிப் பழகியவர், புது இருமலையும் பழைய கணக்கிலேயே சேர்த்துவிடுவார். அதனால் நீங்கள்தான் கவனிக்க வேண்டும். காய்ச்சல் காலையில் இல்லாமல் பின்னேரம் நாலு, ஐந்து மணிக்கு மெல்ல ஏறுகிறதா? கடற்காற்று வீசுகிற இரவிலும் பெனியன் நனைகிற அளவுக்கு வேர்க்கிறதா? மீன்குழம்பென்றால் இரண்டாம் தரம் சோறு கேட்பவர் இப்போது பாதியிலேயே கையைக் கழுவுகிறாரா? சாரத்தை முன்பைவிட இறுக்கிச் சுற்றி முடிகிறாரா? இவையெல்லாம் சேர்ந்து வரலாம், ஒன்றிரண்டு மட்டும் வரலாம். சளியில் இரத்தக் கீற்று கண்டால் அன்றைக்கே கொண்டுபோங்கள். ஆனால் இரத்தம் வந்தால்தான் காசநோய் என்று காத்திருக்க வேண்டாம். பலருக்கு அது வருவதே இல்லை.

பார்மசியில் தானாகக் கேட்டு வாங்கும் அண்டிபயோட்டிக் எனக்குப் பெரிய கவலை. லிவோஃப்ளொக்சசின் போன்ற சில மருந்துகள் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கிவைக்கும். சில நாள் சுகம் வந்தது போலிருக்கும், பரிசோதித்தாலும் கிருமி சரியாகத் தெரியாமல் போகலாம். பிறகு நோய் பழையபடி எழும்பும். அதற்குள் நுரையீரல் இன்னும் கொஞ்சம் பழுதாகியிருக்கும், பக்கத்தில் படுத்தவர்களுக்கும் தொற்றியிருக்கும். ஆகவே இனி ஒரு போத்தலும் வாங்க வேண்டாம்.

பக்கத்து அரச ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள், அல்லது நேரே மாவட்ட செஸ்ட் கிளினிக்குக்குப் போங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். சளி கொடுக்கும் விதத்தைச் சொல்லித்தருகிறேன், ஏனென்றால் பலர் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு "நோயில்லையாம்" என்று சந்தோஷமாகப் போய்விடுகிறார்கள். மூடி போட்ட சின்னப் போத்தல் ஒன்று தருவார்கள். விடியக்காலையில் எழும்பியதும், தேத்தண்ணீர் குடிக்க முன், வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளிக்க வேண்டும். அறைக்குள்ளே வேண்டாம், முற்றத்தில், ஆட்களுக்கு எட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை ஆழ இழுத்துக் கொஞ்சம் பிடித்து விட வேண்டும். இரண்டு மூன்று முறை அப்படிச் செய்தபின், நெஞ்சின் அடியிலிருந்து இருமி வருகிற கட்டிச் சளியைப் போத்தலுக்குள் விட வேண்டும். ஒரு தேக்கரண்டி அளவு போதும். மூடியை இறுக்கி, வெயில் படாமல் அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். ஜீன்எக்ஸ்பேர்ட் என்ற இயந்திரம் இரண்டு மணித்தியாலத்துக்குள் கிருமி உண்டா என்று காட்டிவிடும். முக்கிய மருந்தான ரிஃபம்பிசினுக்கு அந்தக் கிருமி அடங்குமா என்பதையும் அதே நேரத்தில் சொல்லிவிடும். தேவைப்பட்டால் எக்ஸ்ரேயும் எடுப்பார்கள்.

அவருக்கு நோய் என்று உறுதியானால், உங்கள் வீட்டாரை மட்டும் பார்த்தால் போதாது. இரவில் காற்றுக்கும் மழைக்கும் படங்கை இழுத்து மூடிவிட்டு, வாடிக்குள் தோளோடு தோள் முட்டப் படுக்கிறவர்கள் அவருடைய மூச்சுக்காற்றை உங்களைவிட அதிகம் உள்ளிழுத்தவர்கள். சம்மாட்டியிடம் சொல்லி அவர்களையும் அனுப்பச் சொல்லுங்கள். தொழிலுக்காக வேறு கரைக்குப் போனாலும் பயமில்லை. அந்த மாவட்டத்துக் கிளினிக்குக்கு மருந்தை மாற்றித் தருவார்கள், முன்கூட்டிச் சொன்னால் சரி.

கிண்ணியாவில் இருந்து ஒரு வாசகி: மாமிக்குக் காசநோய் என்று மூன்று கிழமையாகக் குளிசை நடக்கிறது. பீங்கான், கோப்பை, பாய் எல்லாம் புறம்பாக்கி, அவவைப் பின்பக்க அறையில் விட்டிருக்கிறோம். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு வருவேன். எனக்கு ஒன்பது மாதக் குழந்தை, நோய் தெரியும்வரை மாமிதான் தூக்கி வளர்த்தவர். அவ இருமிய பாத்திரங்களை எறிந்துவிடலாமா? இன்னொன்று, நோன்பு வருகிறது. நோன்பு பிடிக்க வேண்டும் என்று அழுகிறா.

மகள், உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். உங்கள் பயம் குழந்தையைப் பற்றியது, அது எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்தப் பயம் பீங்கானில் போய் நிற்கிறது, நிற்க வேண்டிய இடம் அதுவல்ல.

இந்தக் கிருமி காற்றால் மட்டுமே பரவுகிறது. நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போது, தும்மும்போது, உரத்துப் பேசும்போதுகூட, கண்ணுக்குத் தெரியாத துளிகள் வெளியே வரும். காற்றோட்டம் இல்லாத அறையில் அவை மணித்தியாலக் கணக்காக மிதக்கும். அதை மூச்சோடு உள்ளே இழுத்தால்தான் தொற்றும். பீங்கானால், பாயால், துவாயால், கையைப் பிடிப்பதால், ஒரே கழிப்பறைக்குப் போவதால் தொற்றாது. எதையும் எறிய வேண்டாம், வழக்கம்போலச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

நான் கேட்க விரும்புவது வேறு: அந்தப் பின்பக்க அறைக்கு யன்னல் இருக்கிறதா? இருந்தால் அது திறந்திருக்கிறதா? யன்னல் இல்லாத அறையில் பூட்டிவைப்பதைவிட, முன் விறாந்தையில் வெளிச்சமும் காற்றும் படும் இடத்தில் கதிரை போட்டு இருத்துவது எல்லோருக்கும் பாதுகாப்பு. வெயிலும் காற்றும் இந்தக் கிருமிக்கு எதிரி. இருமும்போது மாமி வாயை மூடட்டும், ஆட்களோடு இருக்கும்போது மாஸ்க் போடட்டும். சளியை மூடியுள்ள பாத்திரத்தில் துப்பி, எரித்தோ கழிப்பறையில் ஊற்றியோ விடுங்கள்.

இன்னொன்றையும் மனதில் எடுங்கள். மருந்து சரியாக வேலை செய்தால், ஏறத்தாழ இரண்டு கிழமைக்குள்ளேயே பெரும்பாலானோரிடமிருந்து தொற்றும் ஆபத்து மிகவும் குறைந்துவிடுகிறது. மாமி உங்களுக்கு அதிக ஆபத்தாக இருந்த காலம், நோய் என்று தெரியாமல் ஒரே அறையில் குழந்தையை மடியில் வைத்து இருமிக்கொண்டிருந்த மாதங்கள். அப்போது யாரும் பீங்கானைப் பிரிக்கவில்லை. இன்று நோயைக் கண்டுபிடித்து, தினமும் குளிசை விழுங்கி, ஆபத்தைத் தினமும் குறைத்துக்கொண்டிருக்கும் மனுஷியை ஒதுக்கிவைக்கிறோம். இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. நான் வேலை செய்த ஒரு வார்ட்டிலேயே, சிற்றூழியர் ஒருவர் காசநோயாளியின் சாப்பாட்டைக் கட்டிலுக்குக் கொண்டுபோகாமல் வாங்கில் வைத்துவிட்டுத் திரும்பிப் போவார். படித்த நாங்கள் பார்த்துக்கொண்டு நின்ற வார்ட் அது. அந்த நோயாளி சாப்பாட்டைத் தொடவில்லை. பசியில்லாத நோயில், தட்டை வாசலில் வைப்பது உணவை எடுத்துவிடுவதற்குச் சமம்.

இதை நான் வாய்ச்சொல்லாகச் சொல்லவில்லை. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றை ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சனடோரியம் என்ற தனி ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுக்கவைப்பதுதான் வழக்கம். சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சனடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்துப் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு அதே மருந்தை, நெருக்கமான சின்ன வீடுகளில், இருந்ததைச் சாப்பிட்டுக்கொண்டே கொடுத்தார்கள். 1959இல் முடிவு வெளிவந்தது. இரு பக்கத்திலும் சுகமானவர்கள் ஏறத்தாழ ஒரே அளவு. வீட்டிலேயே மருந்து குடித்தவர்களின் குடும்பத்தாருக்கும், சனடோரியத்துக்குப் போனவர்களின் குடும்பத்தாரைவிட நோய் அதிகம் வரவில்லை. உலகமெங்கும் சனடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்கு அந்த ஆய்வும் பெரிய காரணம்.

ஆக, மாமியின் பீங்கானை உள்ளே எடுங்கள். குழந்தையை மட்டும் உடனே கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உடம்புக்குள் இந்தக் கிருமி வேகமாகப் பரவும், மூளைக்கும் போகக்கூடும். குழந்தையைப் பார்த்து முடிக்கும்வரையும், மாமியைப் பார்க்கும் டொக்டர் "இனித் தொற்றாது" என்று சொல்லும்வரையும், குழந்தை வேறு அறையில் படுக்கட்டும். நீங்கள் பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை.

நோன்பைப் பற்றி: காசநோய்க் குளிசை நாளுக்கு ஒரு தடவைதான், அதனால் நேரத்தை மாற்றிக் கொடுக்க இடமுண்டு. ஆனால் முதல் இரண்டு மாதத்தில், உடம்பு மெலிந்து, வாந்திக் குணமும் இருக்கும் ஒருவர் நாள் முழுக்கத் தண்ணீரில்லாமல் இருப்பது எனக்கு விருப்பமில்லை. நோயாளிக்கு மார்க்கத்திலேயே விலக்கு உண்டு, பின்னர் பிடித்துக்கொள்ளலாம் என்பதை மௌலவியிடம் கேட்டு அவவுக்குச் சொல்லவையுங்கள். நான் சொல்வதைவிட அவர் சொன்னால் மாமியின் மனம் ஆறும். எப்படி முடிவெடுத்தாலும், கிளினிக்கில் சொல்லாமல் குளிசை நேரத்தை நீங்களாக மாற்றக் கூடாது.

நிலாவெளியில் இருந்து ஒரு வாசகர்: எனக்கு 26 வயது. ஹோட்டலில் றூம் வேலை. இரண்டு மாதம் மருந்து முடிந்தது. இருமல் இல்லை, எடை ஏறிவிட்டது, சளியிலும் கிருமி இல்லை என்றார்கள். ஆனாலும் இன்னும் நாலு மாதம் குடிக்க வேண்டுமாம். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது, கிட்னி பழுதாகிவிடுமோ என்று பயம். சீசனும் தொடங்குகிறது, தினமும் மருந்துக்குப் போய்வந்தால் முதலாளிக்குத் தெரிந்துவிடும். நிறுத்தினால் என்ன?

நிறுத்தக் கூடாது தம்பி. சுகம் வந்துவிட்டது என்று நினைக்கிற இந்த இரண்டாம், மூன்றாம் மாதத்தில்தான் பிள்ளைகள் கைவிடுகிறார்கள்.

இந்தக் கிருமி மிக மெதுவாகப் பெருகும். சாதாரணக் கிருமிகள் அரை மணிக்குள் இரண்டாகப் பிரியும். இது பிரிய ஒரு நாளுக்குக் கிட்ட எடுக்கும். கொஞ்சக் கிருமிகள் நுரையீரலில் அசையாமல் தூங்கிக் கிடக்கும். மருந்து பெருகுகிற கிருமியைத்தான் சுலபமாகக் கொல்லும். முதல் இரண்டு மாதம் ஐசோனியசிட், ரிஃபம்பிசின், பைரசினமைட், எதம்பியூட்டோல் என்று நாலு மருந்து சேர்ந்து பெரும்பகுதியைத் தீர்த்துவிட்டன. இப்போது இருப்பது வயலில் கோரையை மேலோடு அறுத்துவிட்டு, கிழங்கை மண்ணுக்குள் விட்ட நிலை. மிச்ச நாலு மாதமும் ஐசோனியசிட்டும் ரிஃபம்பிசினும் அந்தக் கிழங்குக்காகத்தான். இடையில் விட்டால் மிஞ்சிய கிருமி திரும்பப் பெருகும். அப்போது அது மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறியிருக்கலாம். அதற்கு வேறு மருந்துகள், கூடிய பக்கவிளைவுகள், வெலிசறை சுவாச நோய் ஆஸ்பத்திரியில் படுக்கை. அதைவிட மோசம், உங்களிடமிருந்து தொற்றுகிறவருக்கு முதல் நாளிலேயே அந்த அடங்காத கிருமிதான் போய்ச் சேரும்.

செம்மஞ்சள் நிறம் ரிஃபம்பிசினின் நிறம். கண்ணீர், வேர்வைகூட அப்படி ஆகலாம். கிட்னிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மருந்து உடம்புக்குள் போகிறது என்பதற்கு அது அடையாளம். பயப்பட வேண்டியது வேறு: கண் மஞ்சளித்து, சிறுநீர் கடும் தேத்தண்ணீர் நிறமாகி, சாப்பாடு அருவருத்து வாந்தி வந்தால் ஈரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். அன்றைய குளிசையைப் போடாமல் உடனே கிளினிக்குக்குப் போங்கள். பார்வை மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் பிரித்தறியக் கஷ்டமாக இருந்தாலோ அதையும் சொல்ல வேண்டும். கை கால் விறைத்தால் வைட்டமின் பி6 தருவார்கள். ஹோட்டலில் வேலை செய்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்: ஆறு மாதமும் மதுவைத் தொட வேண்டாம். மதுவும் இந்த மருந்துகளும் ஈரலைத்தான் சேர்ந்து அடிக்கும்.

முதலாளி விஷயம். உங்களிடமிருந்து இப்போது தொற்றாது என்று டொக்டர் சொன்னால் வேலைக்குப் போகத் தடையில்லை, அதைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். ஒருவர் பார்க்கக் குளிசை விழுங்க வேண்டும் என்ற ஏற்பாட்டைப் பொலிஸ் காவலாக நினைக்காதீர்கள். மறதியையும் சலிப்பையும் ஆறு மாதம் தனியாகத் தாங்குவது யாருக்கும் கஷ்டம். வேலைக்குப் போகும் வழியில் உள்ள கிராமிய வைத்தியசாலை, சுகாதாரப் பணிமனை, குடும்ப நல உத்தியோகத்தர் என்று உங்களுக்கு வசதியான இடத்தைக் கேளுங்கள். வேலை நேரத்தைச் சொன்னால் அதற்கேற்பப் பார்த்துத்தருவார்கள். கேட்காமல் காணாமல் போவதுதான் அவர்களுக்கும் உங்களுக்கும் கஷ்டம்.

உவர்மலையில் இருந்து ஒரு மாணவி: மார்ச் 24 காசநோய் தினத்துக்குப் பாடசாலையில் பேச வேண்டும். இந்த நோய் எங்கிருந்து வந்தது? மாட்டிலிருந்து வந்தது என்கிறார்கள், பரம்பரை நோய் என்றும் சொல்கிறார்கள்.

நல்ல கேள்வி பிள்ளை. இது மிகப் பழைய நோய். எகிப்து மம்மிகளில், முதுகெலும்பு வளைந்து உடைந்த காசநோய் அடையாளங்களைக் கண்டிருக்கிறார்கள். இஸ்ரேல் கரையோரத்தில் கடலுக்குள் மூழ்கிய ஒரு பழைய கிராமத்தில், ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு தாயின், குழந்தையின் எலும்புகளிலும் இந்தக் கிருமியின் தடயம் கிடைத்திருக்கிறது. மாட்டை வளர்க்கத் தொடங்கியபோது மாட்டிலிருந்து மனிதனுக்கு வந்தது என்றுதான் முன்பு நம்பினார்கள். கிருமியின் மரபணுவைப் படித்த பிறகு அந்தக் கதை மாறிவிட்டது. மனிதரைத் தாக்கும் கிருமி மாட்டுக் கிருமியின் பிள்ளையல்ல.

பரம்பரை என்ற நினைப்பு அந்தக் காலத்து ஐரோப்பாவிலும் இருந்தது. ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து வந்தால் வேறென்ன நினைப்பார்கள்? ஒரே குடும்பம் ஒரே அறையின் காற்றைச் சுவாசிக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. 1865இல் பிரான்ஸ் நாட்டு டொக்டர் வில்மன், நோயாளியின் உடலிலிருந்து எடுத்ததை முயலுக்குச் செலுத்தி, இது தொற்றும் நோய் என்று காட்டினார். 1882 மார்ச் 24 அன்று பேர்லினில் ரொபர்ட் கொக் அந்தக் கிருமியையே கண்டுபிடித்து அறிவித்தார். அந்தத் திகதியைத்தான் இன்று காசநோய் தினமாகக் கொள்கிறோம். மனிதர் ஏழு பேரில் ஒருவரை இந்நோய் கொல்கிறது என்று அன்றைக்கு அவர் சொன்னார். கிருமி தெரிந்தும் மருந்துக்கு அறுபது வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1921இல் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி முதன்முதலாகப் பாரிஸில் ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. அதைத் தனியாகக் கொடுத்தபோது சில மாதங்களில் கிருமி பழகிக்கொண்டது. மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் அப்படித்தான் வந்தது.

உன் பேச்சில் இதையும் சொல்: கிருமி உள்ளே போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. உலக மக்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குள் இந்தக் கிருமி போயிருக்கிறது என்பது கணிப்பு. அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் என்றாவது நோயாக எழும்பும். உடம்பு தளரும்போது எழும்பும்: சாப்பாடு போதாதவர்கள், சீனி வருத்தக்காரர், எச்ஐவி உள்ளவர்கள், புகைப்பவர்கள், சின்னப் பிள்ளைகள். 2023இல் மட்டும் உலகில் 1 கோடியே 8 இலட்சம் பேர் நோயுற்றார்கள், 12 இலட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்தார்கள். கொவிட்டைத் தாண்டி, ஒரே கிருமியால் வரும் சாவுகளில் அது மறுபடி முதலிடத்துக்கு வந்துவிட்டது. இலங்கையில் கொவிட்டுக்கு முந்திய காலத்தில் வருடத்துக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் புது நோயாளிகள் பதிவாகி வந்தார்கள். சுகமாக்கக்கூடிய நோயில் இந்தக் கணக்கு என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தம்பலகாமத்தில் இருந்து ஒரு வாசகர்: எருமைத் தயிர் சாப்பிட்டால் காசநோய் கூடுமா? ஆடாதோடைக் கஷாயம் குடித்து, கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளித்தால் சளி கரையும் என்கிறார்கள். எனக்கு 58 வயது, சீனி வருத்தமும் உண்டு. இருமல் பெரிதாக இல்லை, ஆனால் மெலிகிறேன்.

ஐயா, தயிரால் வராது. காய்ச்சாத பாலில் மாட்டுக் காசநோய்க் கிருமி இருக்கக்கூடும். நம் ஊரில் பாலைப் பொங்கக் காய்ச்சி, ஆறவைத்துத்தான் சட்டியில் உறை ஊற்றுகிறோம், காய்ச்சியதும் கிருமி செத்துவிடும். மெலிந்திருக்கும்போது பாலும் தயிரும் முட்டையும் உடம்புக்குத் தேவை, சீனியும் பாணியும் ஊற்றாமல் சாப்பிடுங்கள்.

ஆடாதோடை சளியை இளக்கும், அதை நான் மறுக்கவில்லை. டொக்டர்மார் எழுதும் ப்ரொம்ஹெக்சின் என்ற மருந்தே ஆடாதோடையில் உள்ள ஒரு பொருளை வைத்துச் செய்ததுதான். ஆனால் அது கிருமியைக் கொல்லாது. கன்னியாத் தண்ணீர் உடம்பு நோவுக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கடைசி வரி. சீனி வருத்தம் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட இரண்டு மூன்று மடங்கு, இருமல் குறைவாக இருந்தாலும் வரலாம். மெலிவைச் சீனியின் கணக்கில் மட்டும் போட வேண்டாம். அடுத்த கிளினிக்கில் இரத்தச் சீனியோடு சளியையும் எக்ஸ்ரேயையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மூதூரில் இருந்து ஒரு தகப்பன்: மகளுக்கு முன்பு நுரையீரலில் காசநோய் வந்து முழுதாகச் சுகமாகிவிட்டது. இப்போது கலியாணம் பேசுகிறோம். சொல்ல வேண்டுமா? பிள்ளை பிறக்குமா?

பிறக்கும். நுரையீரலில் வந்து முழுதாக மருந்து குடித்துச் சுகமானவளுக்குக் குடும்ப வாழ்க்கையில் ஒரு தடையும் இல்லை. கணவருக்கும் பிள்ளைக்கும் தொற்றாது. சொல்லுவதா என்பதை உங்கள் மகள்தான் தீர்மானிக்க வேண்டும், அவளைக் கூப்பிட்டு இருத்திக் கேளுங்கள். என் மனதில் பட்டதைக் கேட்டால், சொல்லிவிடலாம் என்பேன். சிகிச்சை முடிந்ததென்று கிளினிக்கில் எழுதித்தந்த தாளைக் காட்டியே சொல்லலாம். அதற்காகப் பின்வாங்குகிற வீட்டில், நாளை அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள்?

சீனன்குடாவில் இருந்து ஒரு தாய்: மூத்த மகளுக்குக் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, நோவில்லை, குறையவும் இல்லை. சின்னவனுக்குக் கையில் பிசிஜி தழும்பே இல்லை. பயமாக இருக்கிறது.

நோவில்லாமல் கிழமைக் கணக்காக நிற்கும் நெறியைக் கட்டாயம் காட்ட வேண்டும். காசநோய் கழுத்து நெறியிலும், முதுகெலும்பிலும், வேறு இடங்களிலும் வரும். ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார்கள். நெறியில் மட்டும் இருந்தால் அது மற்றவருக்குத் தொற்றாது, அதே குளிசைகளால் சுகமாகும். சின்னவனை மிட்வைஃபிடம் காட்டுங்கள். ஊசி போட்டு ஆறு மாதமாகியும் தழும்பு வராவிட்டால், ஐந்து வயதுக்குள் இன்னொரு முறை போடுவார்கள். பிசிஜி பிள்ளைகளை மூளைக் காசநோய் போன்ற பயங்கர வடிவங்களில் இருந்து காக்கும். பெரியவர்களின் நுரையீரல் நோயை அது அவ்வளவாகத் தடுப்பதில்லை; ஊசி போட்டிருக்கிறது என்பதால் வீட்டில் இருமுகிற பெரியவரைச் சும்மா விடக்கூடாது.

அன்புவழிபுரத்தில் இருந்து ஒரு தாய்: என் தம்பிக்கு நோய் என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோரையும் பார்த்தார்கள். என் மூன்று வயது மகனுக்கு நோயில்லை என்று சொல்லிவிட்டு, குளிசை மட்டும் தந்திருக்கிறார்கள். நோயில்லாத பிள்ளைக்கு ஏன்?

உங்கள் மகன் தம்பியோடு ஒரே வீட்டில் இருந்தவன். கிருமி அவனுக்குள் போய்த் தூங்கிக்கொண்டிருக்க இடமுண்டு. இந்த வயதில் அது எழும்பினால் வேகமாக எழும்பும், அதனால் எழும்புவதற்கு முன்பே கொல்லத் தரும் மருந்து இது. பெரும்பாலும் ஐசோனியசிட், ஆறு மாதம். பிள்ளை ஓடி விளையாடுகிறான் என்று பாதியில் விடுகிற தாய்மாரைக் கிளினிக்கில் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் விடாதீர்கள். ஒரே நேரத்தில், வெறும் வயிற்றில் கொடுப்பது நல்லது. விழுங்க மாட்டான் என்றால் எப்படிக் கரைத்துக் கொடுப்பதென்று கிளினிக் மிஸ்ஸிடம் கேளுங்கள். எடைக்கு ஏற்பத்தான் அளவு, மூன்று வயதுப் பிள்ளையின் எடையோ மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை மருந்து எடுக்கப் போகும்போதும் மகனையும் கூட்டிப்போய் நிறுக்கச் சொல்லுங்கள். இடையில் காய்ச்சல், இருமல், சோர்வு, கண் மஞ்சள் எது வந்தாலும் கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காமல் அன்றே கொண்டுபோங்கள்.